தொட்டிக்கு வழி விட்ட ஊடு

– அந்தச் சொம்புல அப்படி என்னங்க பாயி தெரியுது? குடுத்து எவ்வளவு நேரமாச்சு. கையில வெச்சுப் பாத்துட்டே உக்காந்திருக்கறீங்க.

– தாகமில்லீங்க மயிலாத்தாக்கா.

– சித்திரை வெய்யில்ல அன்னூர்ல இருந்து தொறந்த ஜீப்புல வந்திருக்கறீங்க. மொகமெல்லாம் உப்புப் பூத்துக் கெடக்குது. தாகமில்லீங்கறீங்க. எங்க ஊட்டுல பொழங்க யோசனையா?

– அல்லா மேல ஆணையா அப்படியில்லீங்க. அஞ்சு மாசத்துக்கு மின்னாடி இந்த வாசல்ல என் ட்ரெய்லரு மூணு நாளு நின்னுச்சே, அப்ப எங்காளுக பதினாலு பேருக்கும் கம்மஞ்சோறு கரைச்சு ஊத்துனீங்க. நானுந்தான் குடிச்சேன். தூத்துக்குடி ஹார்பர்ல லோடு ஏத்துனதுல இருந்து இருபத்தாறு நாளு ரோட்டுலயே கெடந்தோம். ஒரு ஊட்டுல உக்காரச் சொல்லிச் சோறு போட்டது இங்க மட்டுந்தான்.

– பின்னெ என்ன, குடிங்க. கொடத்துல கடைசியாக் கெடந்தது அது. மருமவ கொடத்தெத் தூக்கிட்டுப் போயிருக்கறா. ரெண்டு மைலு நடந்து, அப்பறம் கெணத்துல சேந்தோணும். வர்ற நேரந்தான்.

– அதுனாலதாங்க்கா குடிக்க முடியலை.

– என்ன பேச்சு பேசறீங்க. தள்ளி ஜமுக்காளத்துல உக்காருங்க, வெறுந்தரை சுடுது. மருமவ சீரோட கொண்டாந்த ஜமுக்காளம். பவானிக்காரிங்க. ஆத்தங்கரையிலயே பொறந்து வளந்த புள்ளை.

– கேள்விப்பட்டேனுங்க. அதக் கேட்டுத்தான் வந்தேன்.

– உங்களுக்குப் பத்திரிகை வெக்கோணும்னு என்ர பையன் சென்னியப்பன் தவியாத் தவிச்சானுங்க. தொட்டி கொண்டாந்த முத்தலிப் பாயி, கோயமுத்தூருன்னு எழுதிப் போட்டா வந்து சேருமான்னு கேட்டான். தை கடைசியில கல்யாணம். நல்லா நடந்துச்சுங்க.

– உங்க கை எப்படியிருக்குது? அடுப்புல சுட்டுக்கிட்ட தழும்பு காந்துதுன்னு அன்னைக்குச் சொன்னீங்களே.

– அது பழசுங்க. அது கெடக்குது.

– செவுரு இன்னும் எடுத்துக் கட்டலீங்களா? நாங்க இடிச்சுப்போட்டுப் போன எடத்துல தென்னந்தட்டி கட்டியிருக்கறீங்க.

– காத்து நல்லா வருதுங்க. மொத ரூம்பு முந்தி வேகும், இப்ப வேகறதில்லை.

– மாட்டுக் கொட்டாயி?

– மாட்டெத்தான் வித்துப்போட்டமே. தண்ணி காட்ட முடியலை. கொட்டாயி எதுக்கு. பாயி, நீங்க வந்த சோலியச் சொல்லுங்க. இடிச்சதெல்லாம் எண்ணிப் பாக்கவா வந்தீங்க?

– கேட்டுக்கங்க. நேத்து அன்னூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில நிக்கறேன். கடைக்காரரு என்னை அடையாளங் கண்டுக்கிட்டாரு. 'பாயி, உங்க தொட்டியால செங்காட்டுப்புதூர்ல ஒரு கல்யாணமே நடந்துருச்சு'ன்னாரு. எனக்கு வெளங்கலை. அந்த ஊருல நாலு வருசமா எவனுக்கும் பொண்ணுக் குடுக்கலை, தண்ணியில்லாத காட்டுல கொண்டு போயி எவன் பொண்ணத் தள்ளுவான், மயிலாத்தா பையனுக்கு முப்பத்து நாலு ஆயிருச்சு, தொட்டி வந்து நின்னப்ப ஊடு பாக்க வந்த மனுசன் அதப் பாத்துட்டுத்தான் சரின்னாருன்னு சொல்லிச் சிரிக்கறாரு. டீக்குக் காசே வாங்கலை. கிளாஸைக் கீழ வெச்சுட்டு ஜீப்புல வந்து உக்காந்துட்டேன். சாவியப் போடத் தோணலைங்க.

– கடைக்காரங்களுக்கு வேற சோலியில்லீங்க. பேசிட்டே இருப்பாங்க. மத்தியானச் சோத்துக்கு இருப்பீங்களா? ஒரு படி அரிசி போடறேன்.

– அக்கா, என்னைப் பேச உடுங்க. உங்களுக்கு என் தொழிலு தெரியுமா?

– தெரியாம என்ன. தொட்டி கொண்டாறது.

– தொட்டிய ஓட்டறது டிரைவருங்க. நான் ரூட்டு பாக்கறவன். தொட்டியோட ஒசரம் ட்ரெய்லரோட சேத்துப் பத்தொம்பது அடி. அதே ஒசரத்துக்கு ஒரு மூங்கில வெட்டி ஜீப்பு மூக்குல நிறுத்திக் கட்டிக்குவேன். லோடுக்குப் பத்து நாளு மின்னாடியே தூத்துக்குடியில இருந்து கெளம்பி ஒருக்கா பாத்துட்டுப் போயி, அப்பறம் லோடோடயும் வருவேன். மூங்கில்ல எது தட்டுதோ அத ஒண்ணு தூக்கோணும், இல்லாட்டி வெட்டோணும். கரண்டுக் கம்பின்னா லைன்மேன் வருவாரு. மரம்னா ஊர்க்காரங்ககிட்டப் பேசோணும். ஊடுன்னா, அதுக்கு மேல பேசோணும்.

– எங்க ஊடு மூங்கில்ல தட்டலீங்களே.

– உங்க ஊடு மொடக்குல நிக்குது. ட்ரெய்லரு தலை திரும்பிரும், வாலு திரும்பாது. உங்க கொட்டாயியும் மொத ரூம்புச் செவுரும் போனாத்தான் வழி. வேற ரோடு இல்லை. அறுபத்து நாலு டயரு, ரிவர்சும் எடுக்க முடியாது. அந்த மாதிரி எடத்துல ரூட்டு பாக்கறவனுக்கு மூங்கிலு உதவாதுங்க, வாயிதான் வேணும். தாராபுரத்துப் பக்கம் ஒரு ஊருல ஆலமரத்து விழுதெல்லாம் வெட்ட உட மாட்டோம்னு படுத்துக்கிட்டானுங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போற தொட்டின்னேன், எந்திரிச்சானுங்க. பல்லடத்துக்கிட்ட பால் தொட்டின்னேன். இன்னொரு எடத்துல புள்ளைக கேட்டுச்சுங்க, ராக்கெட்டுல ஒரு துண்டுன்னு சொன்னேன். கை தட்டுச்சுங்க.

– நல்லாத்தான் பேசுவீங்க.

– பொய்யிங்க்கா. எல்லாம் பொய்யி. என் அத்தா காலத்துல இருந்து இந்தத் தொழில்ல இப்படித்தான். லோடு போயிருச்சுன்னா அந்த ஊரு பின்னாடி போயிரும், மறுபடி அந்தப் பக்கம் வர மாட்டோம். யாருக்கும் நட்டமில்லைன்னு நெனச்சுக்குவேன்.

– மெதுவாப் பேசுங்க பாயி. பக்கத்து ஊட்டுல ஆளிருக்குது.

– இங்க வந்து எறங்குனேன். வறண்ட பைப்படியில கொடமாக் கெடந்துச்சு. பச்சை, நீலம், செவப்புன்னு ஒரு நூறு பிளாஸ்டிக் கொடம் வரிசையா நிக்குது, ஆளையே காணோம். பைப்புல சொட்டுத் தண்ணியில்லை. நான் பொய்யத் தேடவேயில்லீங்க. அந்தக் கொடத்தெல்லாம் பாத்ததும் அதுவா வாயில வந்துருச்சு. குடிதண்ணித் திட்டத்துக்குத் தொட்டி வருது, சித்திரைக்குள்ள ஊட்டுக்கு ஊடு பைப்புன்னு.

– சொன்னீங்க. ஊரே கேட்டுச்சு.

– தொட்டி வந்த அன்னைக்கு நீங்கெல்லாம் என்ன பண்ணுனீங்கன்னு ஞாவகமிருக்குதுங்களா? குடிக்கத் தண்ணியில்லாத ஊருல, அண்டாவுல மஞ்சத்தண்ணி கரைச்சு, அந்த அறுபத்து நாலு டயருக்கும் ஊத்துனீங்க. ஆரத்தி எடுத்தீங்க. எனக்கு மாலை போட்டீங்க. நான் கழுத்தக் குனிஞ்சு வாங்கிக்கிட்டேன். வாங்கியிருக்கக் கூடாது. அப்பவே செத்துப் போயிருக்கோணும்.

– வாய்ல நல்லது வரட்டும்.

– என் சம்சாரம் ஜன்னத்துகிட்ட நேத்துப் போயி எல்லாத்தையுஞ் சொன்னேன். முந்தியெல்லாம் இந்த மாதிரி சொன்னா சிரிப்பா. நேத்துச் சிரிக்கலை. சோத்துத் தட்டத் தள்ளி வெச்சுட்டு, 'அந்த மஞ்சத்தண்ணிக்கு நீங்க என்ன பதிலு சொல்லுவீங்க'ன்னு கேட்டா. அவ்வளவுதான். காலையில டீ கூட வெக்கலை.

– பாயி, வேண்டாங்க. அந்தப் பேச்ச உட்டுப்போடுங்க.

– உட முடியாதுங்க. சொல்லிட்டுத்தான் போவேன். அது குடிதண்ணித் தொட்டியில்லீங்க்கா. ஏழு மைலு தள்ளி மதில் கட்டியிருக்கறாங்களே, இன்னும் போர்டு மாட்டலை, அது சாயப்பட்டறை. ஆவணியில தொறக்கறாங்க. நான் கொண்டாந்தது ஆசிடு ஊத்தி வெக்கற தொட்டி. இந்த ஊருக்கு ஒரு பைப்பும் வராது. அந்த எடத்துல இருந்து வர்றது ஏதாச்சும் இருந்தா, அது பள்ளத்துல சாயத் தண்ணியாத்தான் வரும். சொல்லிப்போட்டேன்.

– ம்.

– என்னக்கா, இவ்வளவுதானா? வையுங்க. செருப்பக் கழட்டி அடிங்க. ஊரக் கூப்புடுங்க. அதுக்குத்தான் ஜீப்ப அங்க நிறுத்திட்டு நடந்து வந்தேன், ஓடிப் போகத் தோணக் கூடாதுன்னு.

– இப்ப என்ன பண்ணலாம்னு வந்தீங்க?

– உங்க மருமவகிட்ட நானே சொல்றேன். அப்பறம் பவானிக்குப் போயி அவங்கப்பனப் பாத்து, பொய் சொன்னவன் நான், இந்தம்மா மேல ஒரு தப்பும் இல்லைன்னு சொல்லிப்போடறேன். ஹார்பர்ல இன்னும் ரெண்டு தொட்டி வந்து கெடக்குது. ரூட்டுக்கு வேற ஆளப் பாருங்கன்னு சொல்லிட்டேன். இந்த மொடக்குல இன்னொருக்கா மூங்கிலோட வந்து நிக்க என்னால ஆவாது.

– சொன்னா உங்க பாரம் எறங்கிரும்.

– எறங்குமோ எறங்காதோ. சொல்லோணுங்க. அன்னைக்கு நீங்க சொன்ன ஒரு வார்த்தை என்னைத் தூங்க உடறதில்லை. கொட்டாயிக்கும் செவுத்துக்கும் எவ்வளவு வேணுமுங்கன்னு உங்ககிட்டக் கேட்டேன். மத்த ஊர்ல எல்லாம் பேரம் பேசிப் பேசித் தொண்டை வத்திப் போவும். நீங்க எல்லாரு மின்னாடியும், 'தண்ணிக்கு வழி உடறதுக்குக் காசு வாங்குனா என்ர குடும்பம் வெளங்குமா'ன்னு கேட்டீங்க. முப்பது வருசத் தொழில்ல அப்படி ஒரு வார்த்தைய நான் கேட்டதில்லீங்க. இப்படியாப்பட்ட மனுசியப் போயி ஏமாத்துனனேன்னு...

– கண்ணத் தொடைங்க பாயி. துண்டுல தொடைங்க. உங்கள நான் அழுக வெக்கக் கூடாது. அதுதான் எனக்குப் பெரும் பாவம்.

– உங்களுக்கு என்னங்க பாவம்?

– இந்தக் கையப் பாருங்க. இது அடுப்புல சுட்டதில்லை.

– பின்னெ?

– ஆசிடு. எங்கூட்டுக்காரரு போனப்பறம் எட்டு வருசம் நான் திருப்பூர்ல சாயப்பட்டறையில கூலிக்குப் போனேனுங்க. கேனை எறக்கறப்பத் தெறிச்சது. உங்க தொட்டி வாசல்ல நின்ன ரெண்டாம் நாளு, புள்ளைகளுக்கு வேடிக்கை காட்டறக்கு உங்காளு மேல் மூடியத் தொறந்தான். நானும் ஏணியில ஏறிக் கைய உள்ளார உட்டுப் பாத்தேன். சுத்தியும் கருப்பு ரப்பரு ஒட்டியிருந்துச்சு. குடிக்கற தண்ணிக்கு எவனுங்க பாயி ரப்பரு ஒட்டுவான்? நான் எட்டு வருசம் அந்த மாதிரித் தொட்டிக்குப் பக்கத்துலயே உக்காந்து சோறு தின்னவ.

– தெரியுமா உங்களுக்கு?

– தெரியும்.

– தெரிஞ்சுமா ஊட்ட இடிக்க உட்டீங்க? மூணாம் நாள்தான நாங்க கடப்பாரைய எடுத்தது.

– அன்னைக்குத்தான் சம்பந்தி ஊடு பாக்க வந்திருந்தாரு. உங்க லோடு ரோட்ட அடைச்சு நின்னதுல பஸ்சு போகலை. கொடையப் புடிச்சுட்டு வேலியோரம் நின்னாரு.

– ஆமா, வெள்ளை வேட்டி கட்டுன பெரியவரு. இது எதுக்குங்கன்னு என்னையுங் கேட்டாரு.

– உங்ககிட்டக் கேட்டுட்டு நம்பிக்கையில்லாம என்ர பக்கத்துல வந்து நின்னாரு. அப்பத்தான் நீங்க காசு எவ்வளவுன்னு கேட்டீங்க. நான் காசு வாங்குனா அது கம்பெனிச் சரக்குன்னு அவருக்குப் புரிஞ்சு போயிருமுங்க. வேண்டாம்னா? தன்ர ஊட்டையே இடிக்க உடறா, காசும் வேண்டாங்கறா, தண்ணி நெசமாத்தான் வரும்னு ஆயிருமுங்களே. அவரு காதுல உழுவோணும்னே சத்தமாச் சொன்னேன்.

– அந்த வார்த்தையவா?

– அந்த வார்த்தையத்தான்.

– நான் அஞ்சு மாசமா அதுக்குத்தாங்க்கா அழுதிட்டிருக்கறேன்.

– தெரியுதுங்க. உங்க மொகத்தப் பாக்கவே எனக்குக் கூச்சமா இருக்குது. நீங்க பொய் சொல்லிட்டுப் போயிட்டீங்க, இன்னைக்குத் திரும்பி வந்து சொல்றீங்க. நான் அந்தப் புள்ளையோட ஒரே ஊட்டுல இருக்கறேன். காலையில ரெண்டு நடை, பொழுதோட ரெண்டு நடை. கழுத்து நோவுதுன்னு ஒரு நாளு சொன்னதில்லை. கொடத்தெ எறக்கி வெச்சுப்போட்டு, 'அத்தே, தொட்டி எப்பங்க தொறப்பாங்க'ன்னு கேக்கறா. நான் மாட்டப் பாத்துட்டு வாரேன்னு எந்திரிச்சுக் கொல்லைப் பக்கம் போயிருவேன். மாடும் இல்லை, கொட்டாயியும் இல்லை. அவளும் ஒண்ணுங் கேக்க மாட்டா.

– சென்னியப்பனுக்குத் தெரியுமுங்களா?

– தெரியாது. அவன் இந்தச் செவுத்துக்கு ஒரு கல்லு வாங்கக் கூட உட மாட்டேங்கறான். தண்ணி வந்தன்னைக்குத்தான் செவுரு எடுப்பானாம். ஊருக்குச் செஞ்ச தருமமாம், எல்லாருங் கண்ணுல பாக்கோணுமாம். நான் தட்டிக்கு இந்தப் பக்கம் படுத்துக்கிட்டு வெக்கத்துல செத்துச் செத்துப் பொழைக்கறேன்.

– சொல்லிப் போடலாங்க்கா. ரெண்டு பேருஞ் சேந்தே சொல்லிப் போடலாம்.

– சொன்னா அவ அப்பன் ஊட்டுக்குப் போயிருவா.

– போவட்டுமுங்க. அந்தப் புள்ளைக்கு என்னத்துக்கு இந்தக் கெதி?

– நான் வேண்டாங்கலை. தடுக்கவும் மாட்டேன். என் வாயில வர மாட்டேங்குது, அஞ்சு மாசமா வர மாட்டேங்குது. நீங்க வேணும்னா சொல்லுங்க. அதோ, கொலுசுச் சத்தம். வந்துட்டா.

– அத்தே, கொடத்தெக் கொஞ்சம் புடிங்க. இன்னைக்குக் கெணத்துல ஒரே கூட்டம், சேந்தறக்குள்ள கை கொப்புளிச்சுப் போச்சு. யாருங்க, ஒறம்பரைங்களா?

– தொட்டி கொண்டாந்த பாயி, கலாமணி.

– அட, நீங்கதானுங்களா. நான் உங்கள ஒசரமா இருப்பீங்கன்னு நெனச்சேன். எங்கப்பன் உங்களப் பத்திச் சொல்லாத ஆளில்லீங்க. பவானிக் கூடுதொறையில போயி நின்னுக்கிட்டு, என்ர பொண்ணு போன ஊருக்கு ரயிலுப் பெட்டி மாதிரி தொட்டி வந்திருக்குதுன்னு தண்ணியெடுக்கற பொம்பளைககிட்ட எல்லாஞ் சொல்லுவாரு. ஏங்க, சொம்புத் தண்ணிய அப்படியே வெச்சிருக்கறீங்க? சுட்டுப் போயிருக்கும். குடுங்க, நான் முருங்கைச் செடிக்கு ஊத்திக்கறேன். இப்பச் சேந்துனது ஜில்லுனு இருக்குது, இதக் குடிங்க.

– அம்மணி, நான் ஒண்ணு சொல்லோணுமுங்க.

– மொதல்ல குடிங்க. எங்கூட்டுக்கு வந்துட்டு வாய் நனைக்காமப் பேசக் கூடாது. நான் கூட மொதல்ல பயந்து போயிட்டனுங்க. எங்கூருக் கூட்டாளிப் புள்ளைக எல்லாம் சிரிச்சாளுக, அன்னூருப் பக்கம் வாக்கப்பட்டா வெளக்கெண்ணெயிலதான் மொகங் கழுவோணும்னு. எங்கப்பன்தான் சொன்னாரு, 'தண்ணி இன்னைக்கு வரும் நாளைக்கு வரும், அது பெருசில்லை கண்ணு. அந்தம்மா ஊருக்காகத் தன்ர ஊட்டையே இடிக்க உட்டா. ஒரு காசு கையில தொடலை. அப்படியாப்பட்டவங்க ஊட்டுல நீ நல்லா இருப்பே'ன்னு. நெசந்தானுங்க. நல்லாத்தான் இருக்கறேன். எங்கூட்டுக்காரரு என்னை ஒரு வார்த்தை அதட்டுனதில்லை. அத்தே, எங்க எந்திரிச்சுட்டீங்க? உக்காருங்க. அந்தக் கொல்லையில என்னதான் இருக்குதோ தெரியலை.

– இல்லை கண்ணு. இங்கதான் இருக்கறேன். பாயி என்னமோ சொல்லோணுங்கறாரு, கேளு.

– நான் கேக்க வேண்டியதக் கேட்டுக்கறேன், அப்பறம் அவரு சொல்லட்டும். சித்திரைன்னாங்க, சித்திரை முடியப் போவுது. ஊருல கேட்டா அடுத்த பொங்கலுக்குங்கறாங்க. அத்தைய ஒருக்கா உடாமக் கேட்டதுக்கு ஆடிக்குள்ளன்னாங்க. ஆளுக்கொண்ணு சொன்னா நான் யாரத்தான் நம்பறது? நீங்க சொல்லுங்க, நான் நம்பிக்கறேன். அஞ்சு வேளை தொழுவறவரு வாயில பொய் வராதுன்னு எங்கப்பன் சொல்லுவாரு.

– அவரு குடிக்கட்டும் உடு கண்ணு.

– குடிச்சுட்டாருங்களே. சொம்பு காலி. ஒரே மூச்சுல குடிச்சிருக்கறாரு, தாகமில்லீன்னா சொன்னீங்க? இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?

– போதுமுங்க அம்மணி. நல்ல தண்ணி. கை கொப்புளிச்சிருக்குதே, தேங்காயெண்ணெ தடவுங்க.

– அது கெடக்குதுங்க. எப்ப வருமுங்க தண்ணி? நீங்க எதச் சொன்னாலும் சரி. எனக்குத் தெரிஞ்சா போதும், தெரியாம நடந்தாத்தான் கால் நோவுது.

– பாயி, சொல்லிப் போடுங்க. உங்க இஷ்டமுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.

– உங்க அத்தை சொன்னது நெசந்தானுங்க அம்மணி. ஆடிக்குள்ள வந்துரும்.